ஆபரேட்டர் பதில்கள்: முதல் ரீல்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு தியேட்டரில் 31 வருஷம் படம் ஓட்டியவன் நான். அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, ‘பேய்ப்படம் என்றால் முதல் ரீல் முடிவதற்குள் வசூல் எனக்குத் தெரிந்துவிடும்’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்தத் தடவை மேஜை முழுக்க. பேய், சுறா, முகமூடி. சரி, ஒரு இதழ் அப்படியே போகட்டும்.

முதல் ரீலிலேயே வசூல் தெரியும் என்றீர்களே, திரையைப் பார்த்துச் சொல்வீர்களா, ஆளைப் பார்த்துச் சொல்வீர்களா?
*வாசகி, குலசேகரம்*

ஆளைப் பார்த்துத்தான். ஆபரேட்டர் ரூம் சுவரில் ஒவ்வொரு புரொஜக்டருக்கும் ரெண்டு ஓட்டை உண்டு. ஒன்றில் வெளிச்சம் போகும், மற்றதில் ஆபரேட்டரின் கண் போகும். ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் அப்புறம் திரையில் நமக்கு என்ன வேலை? தினமும் அதே படம்தானே. கீழே இருக்கிற தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். 2000 அடி ரீல் ஒன்று 22 நிமிஷம் ஓடும். அதில் பாதி ஓடுவதற்குள் ஒரு தலை பக்கத்துத் தலையோடு பேச ஆரம்பித்தால் அந்தப் படம் ரெண்டாவது வாரம் தாங்காது.

கூட்டம் கத்தினால் நல்ல பேய்ப்படம் என்று நினைக்க வேண்டாம். டமார் என்று ஒரு சத்தம், அலமாரியிலிருந்து பூனை குதிக்கிறது, எல்லாரும் கத்துகிறார்கள். அடுத்த நொடியே சிரிக்கிறார்கள். சிரித்தவன் கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கிறான். அந்தப் பயத்தின் கணக்கு அத்தோடு தீர்ந்தது. நல்ல தொடக்கக் காட்சியில் ஒருத்தரும் கத்த மாட்டார்கள். கடலை வாய்க்குப் போகிற வழியில் பாதியில் நிற்கும். நான் மேலே இருந்து பார்த்து எண்ணியதே அப்படி நின்ற கைகளைத்தான்.

ஏன் நிற்கிறது? அந்தக் காட்சி அவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறது. இந்தக் கதவு அசையுதா பார், அந்தச் சத்தம் இன்னொரு தரம் வருதா கேள் என்று. வேலையை வாங்கிக்கொண்டவன் கடைசி ரீல் வரை கூலி கேட்காமல் பார்ப்பான்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு பல்பு கெட்டுப்போய்க் கற்றுக்கொண்டேன். ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் ஒலிக்கோட்டைப் படிக்க புரொஜக்டருக்குள் ஒரு சின்ன பல்பு எரியும், எக்சைட்டர் என்போம். அது போனால் படம் ஓடும், சத்தம் வராது. ஒரு டப்பிங் பேய்ப்படம், ரெண்டாம் ஆட்டம். ஒரு பெண் லாந்தரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். பின்னணி இசை காதைப் பிய்க்கிறது. பாதிப் படியில் எக்சைட்டர் செத்தது. வேறு படமாக இருந்தால் ‘லேய் ஆபரேட்டரே’ என்று தொடங்கி என் அப்பா, தாத்தா வரைக்கும் விசாரித்திருப்பார்கள். அன்றைக்கு ஒரு விசில்கூட இல்லை. நான் பல்பைத் தேடி மாற்ற ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷமும் முந்நூறு பேர் அவளோடு படியில் நின்றார்கள். அவளுக்கு ஏதோ கேட்கிறது, நமக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். இசை திரும்ப வந்ததும் நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் ஒருத்தர் டிக்கெட் கவுண்டரில், “நேத்து சத்தம் இல்லாம காட்டினீங்களே, இன்னைக்கும் அப்படித்தானே?” என்று கேட்டாராம். முதலாளி மாடி ஏறி வந்து என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. ரெண்டு பல்பு கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ரொம்ப வருஷம் கழித்து என் மகன் ‘சஸ்பீரியா’ என்ற 1977-ம் வருஷத்து இத்தாலியப் படத்தை டிவிடியில் போட்டுக் காட்டினான். தொடக்கத்தில் ஒரு பெண் ஜெர்மனியில் ஒரு விமான நிலையத்திலிருந்து வெளியே வருகிறாள். வெளியே புயல் மழை. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு திறக்கிற போதெல்லாம் ஒரு மணிச்சத்தம் போன்ற இசை உள்ளே வரும். கதவு மூடினால் இசையும் நிற்கும். மறுபடி திறந்தால் மறுபடி வரும். பேய் எதுவும் வரவில்லை, வெறும் கதவு. ஆனால் அந்த இசை வெளியேதான் இருக்கிறது, இவள் அதற்குள் நடந்து போகப் போகிறாள் என்று நம் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்குப் பல்பு கெட்டு நடந்ததை அந்தப் படத்தை எடுத்த மனுஷர் யோசித்துச் செய்திருக்கிறார்.

நான் கடல்காரர் வீட்டுப் பையன். சுறாவை அறுத்துக் கூறு போடுவதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் ‘ஜாஸ்’ படத்தின் முதல் காட்சியைப் பார்த்த பிறகு ராத்திரி கடலில் கால் வைக்க யோசித்தேன். இது என்ன கோளாறு?
*வாசகர், குளச்சல்*

தம்பி, அந்தக் காட்சியில் சுறாவை நீ பார்த்தாயா? யோசித்துச் சொல். 1975-ல் வந்த படம். ராத்திரி, கரையில் நெருப்புப் போட்டு இளவட்டங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெண் எழுந்து ஓடிக் கடலில் குதிக்கிறாள். நீந்துகிறாள். கேமரா கீழே தண்ணீருக்குள் இருந்து அவள் காலைப் பார்க்கிறது. அப்புறம் அவளை ஏதோ ஒன்று வெடுக்கென்று இழுக்கிறது. இடம் இழுக்கிறது, வலம் இழுக்கிறது, ஒரு மிதவையைப் பிடிக்கிறாள், அதிலிருந்தும் பிய்த்துக்கொண்டு போகிறது. பிறகு கடல் அமைதி. சுறாவின் ஒரு செதிள்கூடக் காட்டவில்லை. நீ பார்த்து வளர்ந்த சுறா கூறு போட்ட சுறா, அதற்கு நீளம் உண்டு, எடை உண்டு, விலையும் உண்டு. இதற்கு எதுவும் இல்லை.

அந்தப் பெண்ணை எப்படி இழுத்தார்கள் தெரியுமா? இடுப்பில் கயிறு கட்டி, கரையில் நின்ற ஆட்கள் ரெண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தார்கள். உங்கள் ஊரில் கரையில் நின்று கரமடி வலை இழுப்பது போலத்தான். ரெண்டு கட்சி, ரெண்டு கயிறு. மடியில் அகப்பட்டது மட்டும் வேறு.

இயந்திரச் சுறா செய்து வைத்திருந்தார்கள். அது கடல் தண்ணீரில் இறங்கியதும் அடிக்கடி மக்கர் பண்ணியது. உப்புத்தண்ணீரில் மோட்டார் என்ன பாடுபடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? அதனால் சுறாவைக் காட்டாமலே பல காட்சிகளை எடுக்க வேண்டி வந்தது. சுறாவுக்குப் பதிலாக ரெண்டே ரெண்டு சுரத்தில் ஒரு இசை. தள்ளி இருந்தால் மெதுவாக, நெருங்க நெருங்க வேகமாக. நீ கடலில் கால் வைக்க யோசித்தபோது உன் மண்டைக்குள் ஓடியது அந்த ரெண்டு சுரம்தான். உனக்குக் கோளாறு ஒன்றும் இல்லை. மெஷினுக்குத்தான் கோளாறு.

எனக்கு வயது 76. சிறுவனாக இருந்தபோது எங்கள் கோயிலில் லத்தீன் பாட்டுக் குழுவில் இருந்தேன். பேரன் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தான். மலைப்பாதையில் ஒரு மஞ்சள் கார் போகிறது, வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் இசையைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. “இது மரித்தோர் பூசையில் நாங்கள் பாடினதுல்லா!” என்றேன். பேரன் சிரிக்கிறான். நான் சொன்னது சரியா?
*வாசகர், முட்டம்*

நூற்றுக்கு நூறு சரி. பேரனை இந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள் ஐயா. அந்தப் படம் 1980-ல் வந்த ‘தி ஷைனிங்’. அந்த மெட்டு ‘தியேஸ் ஈரே’. சினத்தின் நாள், அதாவது இறுதித் தீர்ப்பு நாள் என்று பொருள். பாட்டின் வரிகள் 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1960-களின் கடைசியில் வந்த வழிபாட்டுச் சீர்திருத்தத்தில் அடக்கப் பூசையிலிருந்து இது எடுபட்டுப் போனது. உங்கள் வயதுக்காரர்கள் காதில் மட்டும் தங்கிவிட்டது. படத்தில் வெண்டி கார்லோஸ் என்பவர் அதை சிந்தசைசரில், ஏதோ பெரிய மிருகம் மூச்சு விடுவது போல, வாசித்திருக்கிறார்.

காட்சியைப் பாருங்கள். அமெரிக்காவில் மொன்டானா என்ற மாநிலத்தில் ஒரு மலைப்பாதை. ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தது. ஏரி, பைன் மரம், வெயில். சுற்றுலாத் துறை விளம்பரத்துக்கு எடுத்தது போல அழகு. கார் எறும்பு அளவுக்குத் தெரிகிறது. மேலே இருந்து ஏதோ ஒன்று அதன் பின்னாலேயே பறந்து வருகிறது. காருக்குள் யார் இருக்கிறார்கள் என்றே நமக்கு இன்னும் தெரியாது, அதற்குள் அவனுக்கு அடக்கப் பாட்டு பாடி முடித்தாகிவிட்டது. லத்தீன் தெரியாத பேரனுக்குக்கூட ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கும். உங்களுக்கு என்ன சரியில்லை என்றே தெரிந்தது. இந்தப் படத்தைப் பொறுத்தவரை எங்கள் எல்லாரையும்விட உங்களுக்குத்தான் நல்ல சீட்டு.

உங்களுக்குப் பேய் நம்பிக்கை உண்டா?
*வாசகர், கருங்கல்*

கிடையாது. ரெண்டாம் ஆட்டம் முடித்து ராத்திரி ஒன்றரை மணிக்கு ரப்பர் தோட்டம் வழியாகத் திருவட்டாறுக்கு 31 வருஷம் சைக்கிள் மிதித்திருக்கிறேன். கொஞ்சம் வேகமாக மிதிப்பேன், அவ்வளவுதான்.

கதை முன்கூட்டியே தெரிந்தால் பயம் போய்விடும் என்கிறார்கள். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் வருஷா வருஷம் நீலிப் பேயின் கதையை வில்லுப்பாட்டில் கேட்கிறேன். வருஷா வருஷம் பயப்படுகிறேன். எப்படி?
*வாசகி, பூதப்பாண்டி*

இந்தக் கேள்விக்குச் சினிமா ஆபரேட்டரை விட வில்லுப்பாட்டு அண்ணாவிதான் பொருத்தம். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள்.

வில்லுப்பாட்டு எப்படித் தொடங்கும்? காப்பு, குருவணக்கம், அவையடக்கம், அப்புறம் நாட்டுவளம். ஊரின் அழகு, வயல், குளம், மழை. உடுக்கும் குடமும் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் பாயில் சரிந்து தூங்கும். இவ்வளவு நிதானமாக ஏன் என்று பையனாக இருந்தபோது எனக்கு எரிச்சல் வரும். பிறகு புரிந்தது, இந்த நேரத்தில்தான் நம் காது அந்தச் சீருக்குப் பழகுகிறது. நடுராத்திரியில் உடுக்கு ஒரு தரம் தாளம் மாற்றி விழும் பாருங்கள், தூங்கின பிள்ளையும் எழுந்து உட்காரும்.

கதை தெரியும் என்பதுதான் அதில் பெரிய விசையே. கள்ளிக் கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நீலி வருகிறாள். அது கட்டை என்று நமக்குத் தெரியும், எதிரே வருகிற வியாபாரிக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி ஒவ்வொரு கொடையிலும் அந்த இடத்தில் “போவாதடே, அது பிள்ளை இல்ல” என்று முணுமுணுப்பாள். அறுபது எழுபது தடவை கேட்ட கதை! அந்த வியாபாரி ஒரு தடவையாவது ஆச்சி பேச்சைக் கேட்டானா?

நீலி என்றதும் நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டைத்தான் சொல்வார்கள். நம் பக்கத்து யட்சி கதைகள் எல்லாவற்றிலும் தொடக்கம் ஒன்றுதான், கவனித்திருக்கிறீர்களா? தனி வழி, அழகான பெண், “கொஞ்சம் சுண்ணாம்பு இருக்குமா?” என்று ஒரு கேள்வி. பல்லைக் காட்டவில்லை, நகத்தைக் காட்டவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிறாள். கேட்டால் கொடுக்காமல் போவது மரியாதையா? அந்த மரியாதையில்தான் ஆள் மாட்டுகிறான்.

1996-ல் வந்த ‘ஸ்க்ரீம்’ படமும் இந்தச் சுண்ணாம்புதான் கேட்கிறது. வீட்டில் தனியாக ஒரு பெண். போன் அடிக்கிறது. தப்பான நம்பர். மறுபடி அடிக்கிறது, கொஞ்சம் பேச்சுக் கொடுக்கிறான். நல்ல குரல். அவளும் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறாள். அடுப்பில் பாப்கார்ன் பொரிந்து பொட்டலம் உப்பிக்கொண்டே போகிறது. அவள் பேசுகிறாள், நாம் பொட்டலத்தைப் பார்க்கிறோம். படப்பிடிப்பில் அந்தக் குரல்காரரை நடிகைக்குக் காட்டவே இல்லை. மறைவாக உட்கார வைத்து உண்மையாகவே போனில் பேச வைத்திருக்கிறார்கள்.

‘ஹாலோவீன்’ படம் கொலைகாரனின் கண் வழியாகவே தொடங்குகிறது. கொலைகாரனோடு நம்மையும் சேர்த்து நடக்க வைப்பது சரியா? எனக்கு அது அருவருப்பாக இருந்தது.
*கல்லூரி மாணவி, நாகர்கோவில்*

அருவருப்பு வந்தால் அது வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம் மக்ளே. ஆனால் உன் கேள்வி நியாயமானது.

1978 படம். சுமார் நாலு நிமிஷம் வெட்டே இல்லாதது போல ஓடும் காட்சி. வெளியே நின்று சன்னல் வழியாகப் பார்க்கிறோம், பின்பக்கம் போகிறோம், அடுக்களையில் கத்தி எடுக்கிறோம், மாடி ஏறுகிறோம். வழியில் ஒரு முகமூடி கிடைக்கிறது, மாட்டுகிறோம். உடனே திரை இருண்டு கண்ணுக்கு ரெண்டு ஓட்டை மட்டும் மிச்சம். கொலைக்குப் பிறகு வெளியே வருகிறோம், யாரோ முகமூடியைக் கழற்றுகிறார்கள். ஆறு வயதுப் பையன், கோமாளி உடுப்பில். இதில் ஒரு வேடிக்கை உண்டு, கத்தி எடுக்கும் அந்தச் சின்னக் கை பையனுடையது அல்ல, படத்தின் தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லுடையது.

எனக்கு இதில் பிடித்தது அந்த ரெண்டு ஓட்டை. என் அப்பா ரப்பர் வெட்டுக்காரர். விடியக்காலம் மூன்று, நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். வெயில் ஏறினால் பால் ஓடாது. சிரட்டை எடுத்துக் கொடுக்க நானும் போவேன். லைட் வட்டத்துக்குள் ஒரு மரம், ஒரு வெட்டு, ஒரு சிரட்டை. வட்டத்துக்கு வெளியே ஒன்றுமே கிடையாது. இலை உதிர்கிற தை மாசத்தில் அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சரசர என்று கேட்கும். அப்பா திரும்பிப் பார்க்க மாட்டார். திரும்பினால் வெட்டு பிசகும். நான் மட்டும் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நடப்பேன். குறைவாகக் காட்டினால் பயம் கூடும் என்பதற்கு எனக்கு வேறு பாடம் வேண்டியிருக்கவில்லை.

சரியா என்று கேட்டாய். அந்தப் படத்தில் சரி. முகமூடி கழன்ற பிறகு கேமரா நம்மை அந்தப் பையனிடமிருந்து பிய்த்துத் தூர நிறுத்துகிறது. நாம் யாரோடு நடந்தோம் என்று நம்மையே பார்க்க வைக்கிறது. பின்னால் இதைக் காப்பியடித்த எத்தனையோ படங்கள் நடந்ததோடு சரி. ஓடுகிற பெண்ணைத் துரத்த மட்டும் கேமரா வைத்தவர்களை நானும் மன்னிக்க மாட்டேன்.

ஊரில் தியேட்டரில் பார்த்து நடுங்கிய படத்தை இங்கே மொபைலில் பார்த்தால் சிரிப்பு வருகிறது. வயசாகிவிட்டதா?
*வாசகர், சென்னை (சொந்த ஊர் இரணியல்)*

வயசு பாதி, மொபைல் பாதி. அடிச்சுரம் எல்லாம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வராது. ‘ஜாஸ்’ படத்தின் ரெண்டு சுரமும் கொசு பாடுவது போலத்தான் இருக்கும். நல்ல ஹெட்போன் போடுங்கள், அறை லைட்டை அணையுங்கள், தொடக்கத்தைத் தாண்டச் சொல்லும் பொத்தானைத் தொடாதீர்கள். பேய் அந்தத் தாண்டின இடத்தில்தான் இருக்கும்.

தமிழில் நல்ல தொடக்கம் எதைச் சொல்வீர்கள்? பேய்தான் வேண்டும் என்றில்லை.
*வாசகர், தக்கலை*

1954-ல் வந்த ‘அந்த நாள்’. பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. படம் தொடங்கியதும் துப்பாக்கிச் சத்தம், சாய்கிறவர் சிவாஜி. சிவாஜிக்காக டிக்கெட் எடுத்து வந்தவன் என்ன ஆவான்? இனி யாரை நம்பி உட்காருவது? ‘ஸ்க்ரீம்’ தன் பெரிய நட்சத்திரத்தை முதல் காட்சியிலேயே கொன்றதற்கு 42 வருஷம் முன்னால் நம்மூரில் பாலசந்தர், வீணை பாலசந்தர்தான், இதைச் செய்துவிட்டார்.

பேய் என்றால் 2014-ல் வந்த ‘பிசாசு’. ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் பெண், தூக்கிக்கொண்டு ஓடும் பையன். சாகிற நேரத்தில் அவள் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பயமாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில் ஒரு கை.

குறும்படம் எடுக்கப் போகிறோம் மாமா. கையில் 6000 ரூபாய். இடம் பேச்சிப்பாறை பக்கம் எங்கள் பாட்டா வீடு. முதல் காட்சியில் வெள்ளைச் சேலை, நாய் ஊளை, கரண்டு போவது எல்லாம் வைத்திருக்கிறோம். போதுமா?
*மாணவர்கள் மூன்று பேர், குலசேகரம்*

போதாது என்று சொல்ல மாட்டேன். அதிகம். மூன்றையும் எடுத்துவிடுங்கள். பேச்சிப்பாறையில் கரண்டு போனால் யாராவது பயப்படுவார்களா? மின்வாரியத்துக்குப் போன் போடுவார்கள்.

இப்படி வையுங்கள். அம்மா அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, “மூணு விசில் வந்தா அணைச்சிரு மக்ளே” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போகிறாள். பிள்ளை அடுக்களை வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது. முதல் விசில். பிள்ளை நிமிராமல் ‘ஒண்ணு’ என்கிறது. கேமராவை அசைக்காதீர்கள். பின்னால் பாட்டாவின் அறைக்கதவு பாதி திறந்து கிடக்கட்டும், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரெண்டாவது விசில். ‘ரெண்டு.’ இப்போது பார்க்கிற ஆள்கள் எல்லாரும் எண்ண ஆரம்பித்திருப்பார்கள். மூன்றாவது விசில் வரக் கூடாது. குக்கர் உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருக்கட்டும், எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம். பிறகு அந்தப் பாதிக் கதவுக்கு உள்ளேயிருந்து, மெதுவாக, வயசான ஒரு குரல்: ‘மூணு.’

குரலுக்குப் பாட்டாவையே பேச வையுங்கள், சம்பளம் கேட்க மாட்டார். மைக் மட்டும் நல்லதாக வாடகைக்கு எடுங்கள், 6000 ரூபாயில் பாதி அதற்குப் போனாலும் பரவாயில்லை. எடுத்து முடித்ததும் எனக்கு ஒரு காப்பி அனுப்புங்கள். எங்கள் வீட்டில் குக்கரில் மரச்சீனிக் கிழங்கு அவிக்காத நாளாகப் பார்த்துப் போட்டுப் பார்க்கிறேன்.